அப்பா ஏன் பேசுவதில்லை?

பார்க்கின்சன் என்றதும் நம் நினைவுக்கு வருவது கை நடுக்கம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இதை நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் சொல்வார்கள். எதுவும் பிடிபடாதபோது ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முடித்துக்கொள்வார்கள். டீ டம்ளர் கையில் ஆடத் தொடங்கியதும் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். மாத்திரை எழுதித் தருகிறார். நடுக்கம் ஓரளவு அடங்குகிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் போய்க் கேட்டால் குறை வேறாக இருக்கும். “முன்ன மாதிரி பேச மாட்டேங்காரு.” “ஒண்ணு கேட்டா, பதில் வர்றதுக்குள்ள நாம அடுத்த வேலைக்குப் போயிரலாம்.” “எதுலயும் பிடிப்பே இல்லாம உக்காந்திருக்காரு.”

மூன்றும் ஒரே குறையைச் சொல்வதுபோலத்தான் கேட்கும். உண்மையில் முதலாவது குரலின் பழுது, இரண்டாவது சிந்தனையின் பழுது, மூன்றாவது மனநிலையின் பழுது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்: பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். இவற்றைப் பிரித்துப் பார்க்காததால், சரிசெய்யக்கூடியதையும் ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்தில் அப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. வேலைக்காலம் முழுக்க, ஓடும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தியே பேசிப் பழகியவர். ஓய்வுபெற்ற பிறகு பார்க்கின்சன் வருகிறது. சில வருஷங்களில் அவர் குரல் திண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்வதில்லை. “கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்” என்று மனைவி சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. “கத்தித்தானே சொல்லுதேன்!” அவர் சொல்வது பொய்யில்லை. அவர் காதுக்கும் மூளைக்கும் அது கத்துவதாகவே படுகிறது.

மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புமுடிச்சுகள், ஓர் அசைவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. டோபமின் என்ற வேதிப்பொருள் குறையக் குறைய அந்த அளவு சுருங்குகிறது. எட்டு சிறுக்கிறது, கைவீச்சு சிறுக்கிறது, எழுத்து சிறுக்கிறது. பணம் எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். குரலுக்கு நடப்பதும் இதுதான். மூச்சின் அழுத்தம் குறைகிறது, குரல்நாண்கள் முழுதாகச் சேர்ந்து மூடுவதில்லை, உதடும் நாக்கும் தொட வேண்டிய இடத்தை அரைகுறையாகத் தொட்டுவிட்டு நகர்கின்றன. பேச்சுப் பயிற்சியாளர்கள் ‘ப-த-க, ப-த-க’ என்று வேகமாகச் சொல்லச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். நலமாக இருப்பவர் சொன்னால் மூன்று எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். பார்க்கின்சன் உள்ளவருக்கு நாலாவது, ஐந்தாவது சுற்றிலேயே அவை ஒன்றோடொன்று குழைந்து, ஓட்டமாக ஓடி, முணுமுணுப்பாகத் தேய்ந்துவிடும். இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் குரல் அல்லது பேச்சுச் சிக்கலைச் சந்திக்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், தொண்டைக்கு இன்னும் சக்தி இருக்கிறது. காதில் இரைச்சல் ஒலியை ஓடவிட்டு இவர்களைப் பேசச் சொன்னால் குரல் தானாக உயர்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். மில்லுக்குள் நம் தொழிலாளியின் குரலை உயர்த்தியதும் இதே அனிச்சைதான். ஆக, கெட்டுப்போனது உரக்கப் பேசும் திறனைவிட, ‘இவ்வளவு போதும்’ என்று அளக்கும் திறன். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த இரைச்சலின் உச்ச வரம்பு 90 டெசிபல். அதற்கு நெருக்கமான இரைச்சலிலும் வருஷக்கணக்கில் நின்றால் காது மந்தமாகும். நம்மூரில் கணவனும் மனைவியும் ஒரே மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. ஒருவருக்குக் குரல் தேய்கிறது, மற்றவருக்குக் காது மந்தமாகிறது. நடுவில் நிற்கும் மகளுக்கு, இருவரும் சண்டைக்காரர்களாகிவிட்டதுபோல் தோன்றும். இப்படிப்பட்ட வீட்டில் மனைவியின் காதைப் பரிசோதிப்பதும் கணவருக்கான வைத்தியத்தில் சேர்த்திதான்.

சத்தம் மட்டும் குறைந்தால் சமாளித்துவிடலாம். ஏற்ற இறக்கமும் போய்விடுகிறது. “ஏன் வரலை?” என்ற கேள்வியைப் பாசமாகவும் கேட்கலாம், அதட்டலாகவும் கேட்கலாம், வேறுபாடு முழுக்கக் குரலில் இருக்கிறது. தட்டையான குரலில் இரண்டும் ஒன்றாகிவிடும். முகத்தசைகளும் விறைத்துப்போவதால் புன்னகை உள்ளே எழுந்தாலும் வெளியே வந்து சேர்வதில்லை. பேரன் ஓடிவந்து மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறான். தாத்தா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, “நல்லது” என்ற சொல்லும் காற்றாக வருகிறது. பையன் திரும்பிப் போய்விடுகிறான். மற்றவர்கள் குரலிலும் முகத்திலும் உள்ள உணர்ச்சியைக் கண்டுகொள்வதிலும் இந்த நோயாளிகளில் பலருக்குத் தடுமாற்றம் இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு பக்கமும் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளும் வீட்டில் பேச்சு குறையாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் ‘அவருக்கு மனக்கவலை’ என்று குடும்பம் தீர்ப்பு எழுதிவிடும். அந்தத் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். உள்ளே மகிழ்ச்சியாக இருப்பவரும் இந்த முகத்தோடு சோகமாகத் தெரிவார். உண்மையிலேயே மனச்சோர்வில் மூழ்கியவரை, ‘அது பார்க்கின்சன் முகம்’ என்று சொல்லி மருத்துவரே தாண்டிப் போய்விடவும் கூடும். இரண்டாவது பிழைதான் அதிக ஆபத்தானது. இந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கின்றன. பதற்றமும் கிட்டத்தட்ட அதே அளவில் காணப்படுகிறது. ‘இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது’ என்பார்கள். அது பாதி உண்மை. பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் கை நடுங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பே வந்துவிடுகின்றன. நோய் இருப்பதே தெரியாத காலத்தில் அந்த நோயை நினைத்து எப்படிக் கவலைப்பட முடியும்?

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே பேரை வைத்து இந்த நோயைப் பற்றிய தன் சிறுநூலை எழுதினார். அவர்களில் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். நடுக்கம், முன்வளைந்த உடல், ஓட்டமாக மாறும் நடை, புரியாமல் போகும் பேச்சு எல்லாவற்றையும் அபாரமாகக் கவனித்தவர், புலன்களும் அறிவும் பழுதடைவதில்லை என்றும் எழுதிவிட்டார். பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ பின்னால் இதை ஏற்கவில்லை. நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவரும் அவர்தான். ஆனாலும் இதை அசைவின் நோயாக மட்டுமே பார்க்கும் பழக்கம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இன்றும் நம் மருந்துச்சீட்டுகளில் அது தெரிகிறது.

மனமும் அசைவும் ஒரே வேரில் கிளைப்பதை உலகுக்குக் காட்டியதில் நம் நாட்டு மூலிகைக்கு ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு மாத்திரையாக உலகெங்கும் போனது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு உடல் விறைத்துப் பார்க்கின்சன் போன்ற நிலை வந்தது. சிலர் மனமொடிந்து போனதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ரெசர்பின் செய்வது, டோபமின், நார்அட்ரினலின், செரோட்டோனின் மூன்றையும் நரம்புமுனைகளிலிருந்து காலிசெய்வது. மனச்சோர்வோடு அதற்குள்ள தொடர்பு அத்தனை நேரடியானதா என்று பிற்காலத்தில் கேள்விகள் எழுந்தன. அசைவின் விஷயத்தில் சந்தேகமே இல்லை. 1957-ல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்ததும் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாடின. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த டோபாவுக்கும் நம்மூரில் ஒரு முன்கதை இருக்கிறது. 1937-ல், கார்ல்சனுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, பிரிட்டனின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். வேலியோரத்தில் படரும், சொணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் அதே பூனைக்காலிதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகளில் சிலர் அந்த விதையைப் பலமுறை வேகவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். பார்க்கின்சனுக்கு இன்றுவரை முதன்மையான மருந்து லெவோடோபாதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று விதைப்பொடியை மாத்திரைக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபா சேர்ந்திருப்பது, மருந்து மூளைக்குப் போகும் முன் வழியிலேயே வீணாகாமல் இருக்க.

லெவோடோபா நடையைத் திருப்பித் தருகிறது, விறைப்பைத் தளர்த்துகிறது. பேச்சுக்கும் மனதுக்கும் சிந்தனைக்கும் அதே அளவு உதவுவதில்லை. ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் நரம்புசெல்களில் கட்டிதட்டிச் சேர்வதுதான் இந்த நோயின் அடையாளம். அந்தச் சேர்க்கை டோபமின் செல்கள் இருக்கும் கருந்திட்டில் தொடங்குவதில்லை. முகுளத்திலும், வாசனையை உணரும் நரம்புக்குமிழிலும் முதலில் தென்பட்டு, பிறகு செரோட்டோனினும் நார்அட்ரினலினும் சுரக்கும் மூளைத்தண்டுப் பகுதிகளுக்கு ஏறுகிறது. நடுக்கத்துக்குக் காரணமான கருந்திட்டை எட்டுவது அதற்கடுத்துத்தான். கடைசியில் மூளைப் புறணிக்குப் போகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் மனச்சோர்வு நடுக்கத்துக்கு முந்துவதும், நினைவும் சிந்தனையும் பிந்திச் சரிவதும் ஏன் என்பதை இது பெருமளவு விளக்குகிறது.

சிந்தனைச் சரிவு என்றதும் எல்லோரும் மறதியைத்தான் நினைக்கிறார்கள். அல்சைமரில் புது விஷயம் மனதில் பதிவதே இல்லை. பார்க்கின்சனில் தொடக்கத்தில் பெரும்பாலும் பதிந்திருக்கும்; தேடி எடுப்பதுதான் மெதுவாகும். “நேத்து யாரு வந்தா?” என்றால் விழிப்பார். “மதினியா, சித்தப்பாவா?” என்று எடுத்துக்கொடுத்தால் சட்டென்று சொல்லிவிடுவார். திட்டமிடுவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது எல்லாம் தடுமாறும். பஸ் மாறி மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அடுத்து என்ன செய்வது என்று நிற்பார்.

பேச்சுக்கும் சிந்தனைக்கும் உள்ள பிணைப்பு இங்கேதான் நெருக்கமாகத் தெரிகிறது. ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகப் பெயர்களைச் சொல்ல முடியும் என்பது சாதாரணமான பரிசோதனை. மாடு, ஆடு, நாய், யானை என்று வேகமாகத் தொடங்கி, நலமானவர் வீட்டுப்பிராணி முடிந்ததும் காட்டுக்குத் தாவுவார். சாம்பல் நிற மலை அணிலுக்கென்று 1988-ல் சரணாலயம் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு மலையணில்கூட நினைவுக்கு வரலாம். பார்க்கின்சன் சிந்தனையைத் தொட்டிருந்தால் ஐந்தாறு பெயர்களோடு நின்று, சொன்னதையே திரும்பச் சொல்வார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் புதிதாக நோய் கண்டவர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இந்தப் பெயர்சொல்லும் சோதனையிலும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதிலும் தொடக்கத்திலேயே தடுமாறியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வினைச்சொற்களைக் கையாள்வதில் ஏற்படும் தடுமாற்றமும் சுவையானது. அசைவைக் குறிக்கும் சொற்களை இந்த நோயாளிகளின் மூளை மருந்தின் வீரியம் இறங்கிய நேரத்தில் மந்தமாகவும், மருந்து ஏறியதும் இயல்பாகவும் கையாள்வதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். உடல் நடப்பதும் ‘நட’ என்ற சொல்லைப் புரிந்துகொள்வதும் நாம் நினைப்பதைவிட அருகருகே இருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி முழுக்கத் திருப்பாவை முப்பதையும் சொல்லி வளர்ந்த ஒரு பெரியவருக்குப் பார்க்கின்சன் வந்திருந்தால், பாசுரத்தைச் சொல்லும்போது அவர் பேச்சு தெளிவாக இருக்கக்கூடும். ‘நல்லாத்தானே சொல்லுதாரு’ என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அதே மனிதரை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் வாக்கியம் உடைந்து உடைந்து வரும். பாசுரத்தில் சொல் தயாராக இருக்கிறது, ராகமும் தாளமும் இழுத்துச் செல்கின்றன. சொந்தப் பேச்சில் என்ன சொல்வது என்று யோசித்து, சொல்லைத் தேடி, வாயையும் அசைக்க வேண்டும். வாசிப்பு, திரும்பச் சொல்லுதல், பாடுதல் ஆகியவற்றைவிட இயல்பான உரையாடலில்தான் தெளிவு அதிகம் கெடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. டாக்டர் அறையில் “பேரைச் சொல்லுங்க” என்றதும் அவர் தெளிவாகச் சொல்லிவிடுவதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொரு நுட்பம்: தானாக நடந்துவந்த அசைவுகள் இந்த நோயில் கவனத்தின் தயவில் நடக்க வேண்டியதாகின்றன. தேரடி வீதியில் நடந்துகொண்டே பேசினால் நடை தடைபடும், அல்லது பேச்சு நின்றுவிடும். கவனம் இருக்கும்வரை அவர் குரலைத் தூக்கிப்பிடித்துச் சமாளிக்கிறார். சிந்தனை சரியத் தொடங்கியதும் கவனம் குறைகிறது, தூக்கிப்பிடிக்க ஆளில்லாமல் குரல் விழுகிறது. மனச்சோர்வும் கவனத்தைத் தின்கிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் நினைவுச் சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். பேச்சு புரியாததால் வெட்கப்பட்டுக் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார், தனிமை மனதை இன்னும் அழுத்துகிறது. மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக் கீழே கொண்டுபோகின்றன.

மனச்சோர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, ஆர்வமின்மை. அழுகை இல்லை, குற்றவுணர்வு இல்லை, வருத்தமும் இல்லை. எதையும் தொடங்கத் தோன்றாது, அவ்வளவுதான். பத்தில் நாலு பேருக்கு இது காணப்படுகிறது. ‘சோம்பேறி’ என்றும் ‘வீம்பு’ என்றும் வீடு பேர்வைக்கும். பிரெஞ்சு ஆய்வு ஒன்று, ஆர்வமின்மை உள்ளவர்களுக்குச் சிந்தனைச் சரிவு விரைந்து வருவதை 2009-ல் கண்டறிந்தது. ஆகவே இதைச் சுபாவக்கோளாறாகப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறியாகப் பார்க்க வேண்டும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் அப்படித்தான். “மூலையில ஒரு பிள்ளை உக்காந்திருக்கு” என்று அவர் சொன்னால் வேப்பிலை அடிக்க வேண்டியதில்லை. அது நோயின் விளைவாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கும், இரண்டுக்கும் வழி உண்டு.

சிந்தனையைப் பரிசோதிக்கும்போது மொழியையும் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு மறதிநோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தப் பலன் இருந்தது. அது பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றிய ஆய்வில்லை என்பதால் இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பரிசோதிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு: வீட்டில் தெலுங்கில் பேசும் அம்மாவிடம் தமிழில் மட்டும் சோதித்துவிட்டு மதிப்பெண் குறைந்தது என்று எழுதக் கூடாது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குரலுக்கு, அமெரிக்காவில் லொரைன் ரேமிக் 1987 வாக்கில் உருவாக்கிய பயிற்சி, லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரால் வழங்குகிறது. அந்த அம்மாள் பேசுவது கேட்க வேண்டும் என்று அவர் குடும்பம் ஆசைப்பட்டது. நாலு வாரம், வாரத்துக்கு நாலு அமர்வு. சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: உரக்கப் பேசு, அதுதான் இயல்பான சத்தம் என்று மூளைக்குப் பழக்கு. பிரிட்டனில் 388 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான சோதனையில், இந்தப் பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான பேச்சுப் பயிற்சி பெற்றவர்களைவிடவும், பயிற்சியே பெறாதவர்களைவிடவும் தெளிவாக மேலே இருந்தார்கள். காணொளி வழியாகவும் இதை நடத்த முடிகிறது. மதுரைக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டிய ஊருக்கு இது முக்கியமான செய்தி.

மனச்சோர்வுக்கு மாத்திரைகளும் மனநலச் சிகிச்சையும் பார்க்கின்சன் நோயாளிகளிடமும் வேலை செய்கின்றன. சிந்தனைச் சரிவு மறதிநோயாக முற்றியவர்களுக்கு, அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைக் காக்கும் ரிவாஸ்டிக்மின் ஓரளவு கைகொடுக்கிறது. இதற்கு நேரெதிராக, நடுக்கத்துக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று வருஷக்கணக்கில் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. வயதானவர்களின் நினைவைக் குழப்புகிறது. உங்கள் அப்பாவின் மருந்துச்சீட்டில் அது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே கொடுங்கள். பால், பால்கோவா போன்ற புரத உணவோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் ஏறுவது குறையும். மருந்து இறங்கும் நேரத்தில் கால் மட்டுமல்ல, மனமும் விழும்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது நடுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குரல் எப்படி இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது, யோசனை எப்படி இருக்கிறது என்று மூன்றையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மனம் பற்றி உடனே பேச வேண்டுமானால் அரசின் டெலிமானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை இருங்கள்.